எக்ஸ்மூரில் ஒரு வாரம்: வயதான அம்மா அப்பா, பிள்ளைகளுடன் போகலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் எங்களிடம் வருகிறார்கள். லண்டனைப் போன தடவையே சுற்றிக் காட்டியாகிவிட்டது. இந்தத் தடவை பச்சையும் கடலும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி எங்காவது ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கலாம் என்று யோசிக்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கிற எக்ஸ்மூர் தேசியப் பூங்காவைச் சொன்னார். படங்களில் ஒரு பக்கம் ஊதாப் பூ பூத்த மேடு, மறுபக்கம் செங்குத்தாகக் கடல். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், இறக்கம் என்றால் கஷ்டம். பையனுக்கு 11, பெண்ணுக்கு 6. கார் நான்தான் ஓட்ட வேண்டும், மலைப்பாதை மோசம் என்று பயமுறுத்துகிறார்கள். எந்த ஊரில் தங்கலாம்? பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிட முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிஸ்டல்வாசி எழுதியது:

தாராளமாகப் போகலாம். எங்கள் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறேன். ஊர்ப்பெயர்களுக்கு முன்னால் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி சோமர்செட், மீதி டெவன். 1954-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நடுவில் இருப்பதுதான் மூர். மரமில்லாத உயர்ந்த வெட்டவெளி, ஹெதர் புதர், முரட்டுப் புல், ஆங்காங்கே கால் புதைகிற சதுப்பு. அதன் உச்சி டன்கெரி பீக்கன், 519 மீட்டர். அங்கிருந்து கடல் நேர்கோட்டில் ஆறேழு கிலோமீட்டர்தான். அதனால் வடக்குப் பக்கம் பெய்கிற மழை எங்கும் தங்காமல், ஓக் காடு அடர்ந்த ஆழமான பள்ளத்தாக்குகள் வழியாக நேரே கடலுக்குப் பாய்ந்துவிடும். எக்ஸ் நதி மட்டும் வடக்குக் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டு, தெற்கே திரும்பி எக்ஸ்மத் வரை போகிறது.

மேடு, காட்டுப் பள்ளத்தாக்கு, கடல். இந்த மூன்றும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இந்த இடத்தின் மேல் எனக்கு இத்தனை பிரியம். காலையில் காற்று அடிக்கிற மொட்டை மேட்டில் நின்றுவிட்டு, மதியம் பாசி படர்ந்த காட்டில் ஆற்றோரம் உட்கார்ந்து, சாயங்காலம் கூழாங்கல் கரையில் கால் நனைக்கலாம். காரில் மொத்தமாக ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் ‘முடித்துவிடுவது’ என்ற கணக்கோடு போகாதீர்கள். கிழக்கு ஓரத்துக் கடற்கரை ஊரான மைன்ஹெட்டிலிருந்து மேற்கே லின்டன் வரைபடத்தில் பக்கமாகத் தெரியும், ஓட்டினால் முக்கால் மணி நேரம். எதிரே டிராக்டர் வந்தால் இன்னும் அதிகம். பட்டியல் போட்டு ஓடினால் வாரம் முழுக்கக் காருக்குள்தான் இருப்பீர்கள். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கேயே தங்குங்கள், மறுபக்கத்துக்கு ஒரு நாள் மட்டும் போய் வாருங்கள். உங்கள் அம்மாவின் நிலைமைக்குக் கிழக்குப் பக்கம், அதாவது டன்ஸ்டர் அல்லது போர்லக், நல்லது.

ஈஸ்ட்ஹாம் அக்கா எழுதியது:

பிரிஸ்டல் தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். தங்கினால் லின்டனில்தான் தங்க வேண்டும். கிழக்குப் பக்கம் அழகுதான், ஆனால் எக்ஸ்மூரின் முகம் லின்டனும் லின்மத்தும். மேலே மலைமுகட்டில் லின்டன், நேர் கீழே கடலோரம் லின்மத். இரண்டையும் இணைக்கிற தண்ணீர் ரயிலுக்காகவே போகலாம்.

அது எப்படி ஓடுகிறது என்று என் மாமனார் அங்கேயே நின்று அரை நாள் பார்த்தார். பெட்டி இரண்டு. ஒரே கம்பி வடத்தின் இரண்டு முனையிலும் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 700 கேலன் தொட்டி, மூவாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். வெஸ்ட் லின் (மேற்கு லின்) ஆற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மேல்பெட்டியின் தொட்டி நிறைந்திருக்கும். கீழே நிற்கிற பெட்டிக்காரர் தன் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் திறந்துவிடுவார். தண்ணீர் தண்டவாளத்துக்கு நடுவே சலசலவென்று கொட்டும். ஒரு கட்டத்தில் மேல்பெட்டி கனத்துப்போய் இறங்கத் தொடங்கும், அந்த இழுப்பில் இது ஏறும். எஞ்சின் கிடையாது, மின்சாரம் கிடையாது. உயரம் 150 மீட்டர். 1890-இலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், ஆகஸ்டில் கவலையில்லை.

அம்மாவும் அதில் உட்கார்ந்தபடியே கீழே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். முழங்காலுக்கு வேலையே இல்லை.

பிரிஸ்டல்வாசி எழுதியது:

அக்கா, ரயிலைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. என் கவலை ரயிலுக்கு வெளியே. லின்டனில் எந்தத் தெருவும் சமமாக இல்லை. கடைக்குப் போவது, காரிலிருந்து வீட்டுக்குப் போவது எல்லாமே ஏற்ற இறக்கம். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம், வாரம் முழுக்க என்றால் அம்மா மூன்றாம் நாளே வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

டன்ஸ்டரில் கடைத்தெரு பெரிய ஏற்றமில்லாதது. நடுவில் 1609-இல் கட்டிய எட்டுமூலைக் கூரைச் சந்தை நிற்கிறது. அந்தக் காலத்தில் கம்பளித் துணி விற்ற இடம். மழை வந்தால் இன்றும் அதற்குள் ஒதுங்கலாம். மேலே கோட்டை இருக்கிறது, அதற்கு மட்டும் ஏற வேண்டும். கீழே ஆற்றோரம் தண்ணீர் ஆலையும் தோட்டமும் அம்மாவுக்குப் போதும். போர்லக்கிலிருந்து பத்து நிமிடத்தில் செல்வர்தி. ஓலைக்கூரை போட்ட மஞ்சள் பூச்சு வீடுகள், எதிரே டன்கெரி முழுசாகத் தெரிகிற காட்சி. அந்தத் தேவாலய வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

மைன்ஹெட்டிலிருந்து பிஷப்ஸ் லிடியார்ட் வரை நீராவி ரயில் ஓடுகிறது, ஏறக்குறைய 20 மைல். வழியில் டன்ஸ்டரிலும் நிற்கும். பெரியவர்களும் சின்னவர்களும் சேர்ந்து ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழிக்க அது ஒன்றே போதும். ஓடும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, அண்ணா இருவருக்கும் நன்றி. டன்ஸ்டர் பக்கம் தங்கி, ஒரு நாள் லின்டன் போவது என்று மனதில் வைத்திருக்கிறேன். அப்படியானால் போர்லக் ஏற்றத்தைத் தாண்ட வேண்டுமே? அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லோரும் முகத்தை மாற்றுகிறார்கள்.

கார்மேகம் எழுதியது:

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் தயாராகப் போக வேண்டும். போர்லக் ஹில் ஏ39 சாலையில் இருக்கிறது. சரிவு நாலுக்கு ஒன்று, நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். கியர் கார் என்றால் வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், வளைவில் ஏறிக்கொண்டே மாற்ற முயலாதீர்கள். முன்னே போகிற வண்டியோடு ஒட்டிப் போகக் கூடாது. அவர் நின்றால் நீங்களும் சரிவில் நிற்க வேண்டியிருக்கும். இறங்கும்போதும் சின்ன கியர்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி நாற்றம் வந்துவிடும். அதற்கப்புறம் லின்மத்துக்குள் இறங்குகிற கவுன்டிஸ்பரி இறக்கமும் இதே மாதிரிதான், அதை மறந்துவிட்டுப் பலர் அங்கே திணறுவார்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் போர்லக்கிலிருந்து தனியார் கட்டணச் சாலை ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் வளைந்து வளைந்து மெதுவாக ஏறும், சரிவு ரொம்பக் குறைவு, கடல் நன்றாகத் தெரியும். காசு கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். அம்மா அப்பா பின்சீட்டில் இருக்கும்போது நான் அதில்தான் போவேன்.

கிராமத்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் மண்கரை, அதன்மேல் வேலி. எதிரே வருவது தெரியாது. ஒதுங்கும் இடம் எங்கே இருந்தது என்று கவனித்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேட்டில் ஆடு சாலையிலேயே படுத்திருக்கும். சத்தமில்லாமல் வருகிற மின்கார் என்றால் இன்னும் கவனம்.

வடமராட்சியான் எழுதியது:

போர்லக் ஏற்றம் பற்றிக் கதைக்கிறீர்கள், அந்த வழியால் ஒரு படகைக் கொண்டுபோன கதை தெரியுமோ? 1899 ஜனவரியில் பெரும் புயல். ஃபாரஸ்ட் ஹால் என்ற கப்பல் போர்லக் கரைக்கு அப்பால் தத்தளித்தது. லின்மத்தில் இருந்த உயிர்காப்புப் படகு லூயிசா. அலை அடித்த அடியில் அங்கிருந்து இறக்க முடியவில்லை. ஊர்ச்சனம் குதிரைகளைப் பூட்டி, படகை வண்டியில் ஏற்றி, கவுன்டிஸ்பரி மலை ஏறி, ஏறக்குறைய 13 மைல் இழுத்துக்கொண்டு போர்லக் வியருக்குப் போனார்கள். இரவு முழுக்க இருட்டும் மழையும். ஒடுங்கின இடத்தில் கரையை வெட்டினார்கள், போர்லக்கில் மதிலை இடித்தார்கள். அந்த இறக்கத்தில் படகு கையை விட்டுப் போகாமல் கயிற்றில் பிடித்து இறக்கினார்கள். விடியற்காலை கடலில் இறக்கி, கப்பலில் இருந்த எல்லோரையும் காப்பாற்றினார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவன் நான். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அந்த மனிதர்களை நினைப்பேன்.

தங்கச்சிக்கு ஒரு முக்கியமான விசயம். இந்தக் கடல் பிரிஸ்டல் கால்வாய். உலகத்திலேயே ஏற்றவற்றம் மிகப் பெரிதாக உள்ள இடங்களில் ஒன்று. மைன்ஹெட்டில் வற்றினால் தண்ணீர் எங்கேயோ போய்விடும், பிறகு நீங்கள் நினைப்பதைவிட வேகமாகத் திரும்பி வரும். பிள்ளைகள் கரையை விட்டு எட்டப் போனால் சேறும் இருக்கிறது. போகும் நாளுக்கான அலை நேர அட்டவணையைக் காலையிலேயே பாருங்கோ. குன்றின் அடிவாரம் வழியாக ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஏறினால் மேலே ஏற வழி கிடையாது.

போர்லக் வியர் வடிவான இடம். சின்னத் துறைமுகம், கூழாங்கல் கரை. பக்கத்தில் சதுப்பு நிலம் ஒன்றும் இருக்கிறது. 1996-இல் புயல் அங்கே கூழாங்கல் அணையை உடைத்துப்போட்டது. திருப்பிக் கட்டாமல் கடலிடமே விட்டுவிட்டார்கள். வயலாக இருந்த நிலம் இப்போது உப்புச் சதுப்பு, பறவைகள் நிறைய. பட்டுப்போன மரங்கள் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தன.

மணல் கரையில் வீடு கட்டி விளையாட வேண்டுமென்றால் பூங்காவுக்கு வெளியே மேற்கே வூலகூம் போக வேண்டும். எக்ஸ்மூர் கரை முழுக்கக் கல்தான், அதைப் பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கோ.

நடைப்பிரியை எழுதியது:

அப்பா நன்றாக நடப்பார் என்றீர்களே, அவரையும் பையனையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் டன்கெரி ஏறுங்கள். உச்சிக்குப் பக்கத்திலேயே சாலை போகிறது, அங்கிருந்து நடை குறைவு. ஆகஸ்டில் ஊதா ஹெதரும் மஞ்சள் முட்புதர்ப் பூவும் கலந்து பூத்திருக்கும். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் மலைகள் தெரியும். வோர்ட்டில்பெர்ரி என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் சின்னக் கருநீலப் பழம் புதரோடு புதராகக் காய்த்திருக்கும். என் மகள் நாக்கு நீலமாகும்வரை தின்றாள்.

இன்னும் நடக்க முடிந்தவர்களுக்கு மேற்கே கூம் மார்ட்டின் பக்கம் கிரேட் ஹேங்மன் இருக்கிறது, 318 மீட்டர். தென்மேற்குக் கடலோரப் பாதையில் அதுதான் மிக உயரமான இடம். அந்த 630 மைல் பாதை தொடங்குவதே மைன்ஹெட்டில். எக்ஸ்மூரின் கடற்குன்றுகள் மேலே உருண்டையாகச் சரிந்து, கடைசியில் மட்டும் செங்குத்தாக அறுந்து விழும். அதனால் விளிம்பு எங்கே என்று தெரியாது. ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தே வைத்திருங்கள்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பெரணி, உயரப் புல் இருக்கிற இடமெல்லாம் உண்ணி உண்டு. முழுக்கால்சட்டை, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பார்ப்பது. ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவப்புத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் ‘உண்ணி கடித்தது’ என்று சொல்லிக் காட்ட வேண்டும். உண்ணியால் வருகிற லைம் நோய்க்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம்.

கைபேசி சிக்னல் பள்ளத்தாக்கில் சுத்தமாக இருக்காது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்9 காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது.

வைகைக்கரை எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். பையன் கேட்கிறான்: அங்கே காட்டுக்குதிரைகள் இருக்கின்றனவாமே, கேரட் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

நடைப்பிரியை எழுதியது:

கொடுக்கவே கூடாது. தம்பிக்குச் சொல்லுங்கள், அவை சுதந்திரமாக மேய்கின்றன, ஆனால் ஒவ்வொரு மந்தைக்கும் சொந்தக்காரர் உண்டு. கையில் தீனி பழகினால் சாலையோரம் வந்து நிற்கும், கார் அடித்துவிடும், ஆட்களைக் கடிக்கவும் தொடங்கும்.

கேரட் இல்லாமலே பார்க்க அவ்வளவு இருக்கிறது. எக்ஸ்மூர் போனி குட்டையானது, பழுப்பு நிறம். மூக்கைச் சுற்றி மாவில் முக்கி எடுத்த மாதிரி வெளுப்பு, கண்ணைச் சுற்றியும் அதே வெளுப்பு வளையம். கண் இமை தடித்துப் புடைத்திருக்கும், மழைத்தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் வழிந்துவிடும். குளிர்காலத்தில் ரோமம் இரண்டடுக்காக வளரும், பனி முதுகில் விழுந்தால் உருகாமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் உடல் சூடு வெளியே வருவதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஏறக்குறைய 50 தான் மிஞ்சியிருந்தன. போரின்போது இந்த மூர் மேடு, படையினரின் பயிற்சிக்களமாக இருந்தது, போதாததற்கு இறைச்சிக்காகவும் திருடிக் கொன்றார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலர் விடாப்பிடியாக வளர்த்ததால்தான் இன்று நாம் பார்க்கிறோம். தள்ளி நின்று பாருங்கள், குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி.

ஈஸ்ட்ஹாம் அக்கா எழுதியது:

டார் ஸ்டெப்ஸை யாரும் சொல்லவில்லையே! பார்ல் ஆற்றின் மேல் பெரிய பெரிய கற்பலகைகளை வரிசையாக வைத்த பாலம். 17 கண்கள், 50 மீட்டருக்கு மேல் நீளம். சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது, பலகையின் கனமே பிடிமானம். எந்தக் காலத்தில் வைத்தது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் சில பலகைகள் அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் எண் இருப்பதால் தேடி எடுத்து வந்து அதே இடத்தில் வைப்பார்கள். 2012-இலும் 2016-இலும் அப்படி நடந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு இறக்கம் இருக்கிறது, அம்மாவுக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் இறங்கி விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, சாப்பாடு எப்படி? அப்பா இரண்டு வேளை சோறு இல்லாமல் இருக்க மாட்டார். இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சின்னக் கிராமங்கள், நம் ஆட்களே இருக்க மாட்டார்கள். அம்மா புடவைதான் கட்டுவார். யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களா?

ஈஸ்ட்ஹாம் அக்கா எழுதியது:

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, இது எங்கள் வீட்டிலும் வந்த பேச்சுதான். நான் புடவையோடுதான் லின்மத் துறைமுகத்தில் நடந்தேன். ஒரு பாட்டி வந்து துணியின் பார்டரைப் பற்றி விசாரித்தார், அவ்வளவுதான். நம் ஆட்கள் குறைவு என்பது உண்மை. நாலு பேர் போனால்தானே அடுத்தவருக்கும் போகத் தோன்றும். தேசியப் பூங்கா எல்லோருக்குமானது, உங்கள் அம்மாவுக்கும்தான்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள வீடாகவே எடுங்கள். குக்கர், அரிசி, பருப்பு, பொடிகள் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோய்விடுங்கள். அங்கே அடுப்பு பெரும்பாலும் மின் அடுப்பு. உங்கள் குக்கர் அதற்கு ஒத்துவருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். காய்கறி, பால் மைன்ஹெட் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். கிராமத்துக் கடைகள் சீக்கிரமே மூடிவிடும். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வாட்டர்ஸ்மீட் போங்கள், இரண்டு ஆறு சேருகிற இடம். ஆனால் சாலையிலிருந்து அங்கே இறக்கம். அம்மா மேலேயே இருந்தால் யாராவது துணைக்கு இருக்க வேண்டும். எங்கே போனாலும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் கட்டிக் கிரீமும் ஜாமும் தேநீரும் கிடைக்கும். என் மாமியாருக்கு அந்தக் கிரீம் அவ்வளவு பிடித்துப்போயிற்று.

இரவுவிழி எழுதியது:

பகலைப் பற்றியே பேசுகிறீர்கள். எக்ஸ்மூரின் பாதி இரவில்தான் இருக்கிறது. 2011-இல் ஐரோப்பாவிலேயே முதலாவதாக இருண்ட வானக் காப்பகம் என்று அங்கீகாரம் பெற்ற இடம். லண்டனில் வளரும் பிள்ளைகள் பால்வீதியைப் பார்த்ததே இல்லை. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சியட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். உங்கள் வாரம் அதோடு பொருந்துகிறதா, அப்போது நிலா எப்படி என்று பாருங்கள். முழுநிலா என்றால் பாதி நட்சத்திரம் கூடத் தெரியாது. விம்பிள்பால் ஏரிப் பக்கம், மேட்டுக் கார் நிறுத்துமிடங்கள் எல்லாம் நல்லவை. கைபேசி வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருபது நிமிடமாவது கண்ணைப் பழக்க வேண்டும். ஆகஸ்டிலும் மேட்டில் இரவு குளிரும், பெரியவர்களுக்குக் கம்பளி கட்டாயம். அம்மா கார் சீட்டைச் சாய்த்துக்கொண்டே பார்க்கலாம்.

பிரிஸ்டல்வாசி எழுதியது:

இருட்டைச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லின்மத் போகிறவர்கள் அந்த ஊருக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

1952 ஆகஸ்ட் 15. விடுமுறைக்காலம், ஊர் நிறையப் பயணிகள். ஏற்கெனவே பெய்த மழையில் மூர் ஊறிப்போய் இருந்தது. அன்றைக்கு மேட்டில் 24 மணி நேரத்தில் 229 மில்லிமீட்டர் கொட்டியது. முதலில் நான் சொன்னேனே, மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே தூரமே இல்லை என்று. அந்தத் தண்ணீர் அத்தனையும் கிழக்கு லின், மேற்கு லின் என்ற இரண்டு ஆறுகளில் இறங்கியது. இரண்டும் சேருமிடம் லின்மத். மரங்களும் பாறைகளும் பாலங்களில் சிக்கி அணை மாதிரி அடைத்து, ஒவ்வொன்றாக உடைந்தன. உடைந்த ஒவ்வொரு முறையும் ஒரு சுவர் போல வெள்ளம் வந்தது. கட்டடம் கட்டுவதற்காக மேற்கு லின்னின் போக்கையே ஏற்கெனவே ஒடுக்கியிருந்தார்கள். அன்றிரவு அது தன் பழைய வழியை எடுத்துக்கொண்டது. 34 பேர் இறந்தார்கள், 420 பேர் வீடிழந்தார்கள். அந்தப் பகுதியின் 31 பாலங்களில் 28 இடிந்தன அல்லது மோசமாகச் சேதமாயின. 38 கார்கள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன.

இன்று ஆறு அங்கே அகலமாக ஓடுவது அதற்கப்புறம் விரித்துக் கட்டியதால்தான். ஆற்றோரம் வெள்ள நினைவு மண்டபம் இருக்கிறது. துறைமுகத்துக் கோபுரமும் இடிந்து திரும்பக் கட்டப்பட்டது. கோடையில் அந்த ஆற்றைப் பார்த்தால் பிள்ளைகள் கல்லில் கால்வைத்துத் தாண்டுகிற அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். நடுவில் கிடக்கிற பாறைகளின் அளவைப் பாருங்கள், அவை எப்படி வந்திருக்கும் என்று பையனிடம் கேளுங்கள். அக்கா சொன்ன மலைரயிலுக்குத் தண்ணீர் கொடுப்பதும் இதே மேற்கு லின்தான். அதைச் சொன்னால் அவனே இரண்டையும் முடிச்சுப்போட்டுக்கொள்வான்.

நடைமுறைக்கு வருவோம். மேட்டில் நல்ல மழை பெய்த மறுநாள் ஆற்றில் இறங்காதீர்கள், கீழே வெயில் அடித்தாலும் சரி. அந்த நாட்களை நீராவி ரயிலுக்கும் கோட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான நாள் வந்தால் போட்டிருந்த திட்டத்தைத் தள்ளிவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இதைக் குடும்பமாக உட்கார்ந்து படித்தோம். அப்பாதான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் லின்மத்துக்கு ஒரு முழு நாள் வை என்றார். டன்ஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறோம், கீழ்த்தளத்தில் படுக்கையறை, படி இல்லை. பெர்சியட் வாரத்துக்கே கேட்டிருக்கிறேன்.

குரோய்டன் தம்பி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கார் இல்லை, அக்டோபரில் தனியாகப் போக ஆசை. முடியுமா? அப்புறம் அங்கே நீர்நாய் போல ஏதோ திரும்ப விட்டிருக்கிறார்களாமே?

நடைப்பிரியை எழுதியது:

தம்பி, அது பீவர். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை 2020-இல் போர்லக் பக்கம் ஹோல்னிகோட் எஸ்டேட்டில் வேலியிட்ட பகுதியில் விட்டது. அடுத்த வருடம் குட்டி பிறந்தது, எக்ஸ்மூரில் 400 வருடத்துக்கு அப்புறம் முதல் முறை. அவை கட்டுகிற சின்ன அணைகள் தண்ணீரை மேலேயே நிறுத்தி மெதுவாக விடும். மேலே பிரிஸ்டல் அண்ணா எழுதியதைப் படித்தால் அது ஏன் தேவை என்று புரியும். பீவரை நேரில் பார்ப்பது கஷ்டம், இரவில்தான் வெளியே வரும்.

அக்டோபர் அருமையான தேர்வு. செம்மான்களின் இணைசேரும் காலம். விடியற்காலை ஹார்னர் காட்டு ஓரம் நின்றால் ஆண்மான் உறுமுவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பைனாகுலர் எடுத்துப் போ, நெருங்காதே, அந்த நேரத்தில் அது ஆபத்து. கூட்டமும் குறைவு. ஹெதர் மட்டும் காய்ந்து பழுப்பாகியிருக்கும், பதிலுக்குக் காடெல்லாம் நிறம் மாறியிருக்கும்.

கார்மேகம் எழுதியது:

கார் இல்லாமல் முடியும். லண்டன் பேடிங்டனிலிருந்து டான்டன் வரை ரயில், ரயில் நிலையத்திலிருந்தே 28-ஆம் எண் பேருந்து மைன்ஹெட் வரை, வழியில் டன்ஸ்டர் நிறுத்தமும் உண்டு. மேற்குப் பக்கம் என்றால் பார்ன்ஸ்டபிளிலிருந்து லின்டனுக்கு 310. கோடையில் ஓடுகிற சில பேருந்துகள் அக்டோபரில் நின்றுவிடும். மைன்ஹெட்டில் தங்கிக் கடலோரப் பாதையில் போர்லக் வியர் வரை நட, ஒரு முழு நாள் நடை. திரும்பி வரப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துக் கையில் எழுதிக்கொள். கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும், அங்கே நின்று கைபேசியில் தேட சிக்னல் கிடைக்காது.